மூன்று நாள் தாகம்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. விலங்கியல்

"எத்தனை சதவீதம்?" என்று கேட்டால் பிற ஊர்களில் பரீட்சை மதிப்பெண்ணைக் கேட்பதாகப் பொருள் கொள்வார்கள். எங்கள் பக்கத்தில் அப்படி இல்லை. தொலைவில் வெடிச் சத்தம் கேட்டு, சற்று நேரத்தில் ஆம்புலன்ஸ் வண்டிகள் சாலையில் பறந்து, யார் எவர் என்ற செய்தி ஊருக்குள் வந்து சேரும்போது, பெயருக்கு அடுத்தபடியாக எல்லோரும் கேட்கிற கேள்வி இதுதான். உடம்பில் எத்தனை சதவீதம் வெந்திருக்கிறது என்பது அதன் பொருள். பள்ளிக்கூடத்துப் பக்கமே ஒதுங்காத பாட்டிமார்களுக்கும் இந்தக் கணக்கு அத்துப்படி. இருபது என்றால் பெருமூச்சு விடுவார்கள். எழுபது என்றால் பேச்சை நிறுத்திவிடுவார்கள். ஒருவருடைய உள்ளங்கையும் விரல்களும் சேர்ந்த பரப்பு அவருடைய மொத்தத் தோலில் ஏறத்தாழ 1 சதவீதம் என்பதை நான் கல்லூரிக்கு வந்த பிறகே தெரிந்துகொண்டேன்.

ஆண்டு மலருக்கு ஏதேனும் எழுதிக் கொடு என்று எங்கள் துறைப் பேராசிரியர் சொன்னபோது, கவிதை எனக்கு வராது என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். நம் மலரில் கவிதைகளுக்கு என்றுமே பஞ்சம் இருந்ததில்லை. நான் எழுத விரும்பியது தோலைப் பற்றி. அதிலும், ஆய்வுக்கூடத்தில் வளர்க்கப்படும் தோலுக்குள் இரத்த நாளங்களை எப்படி வளர்ப்பது என்று உலகெங்கும் விஞ்ஞானிகள் படும் பாட்டைப் பற்றி. நண்பர்களே, இது ஏதோ அமெரிக்காவில் நடக்கிற அதிசயம், நமக்கென்ன என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இந்தக் கதையில் சென்னை அடையாறும் வருகிறது; எங்கள் ஊர் ஆலங்குளமும் வருகிறது.

ஆலங்குளம் என்றதும் தென்காசிப் பக்கத்து ஆலங்குளமா என்று கேட்பவர்கள் உண்டு. விடுதியில் சேர்ந்த முதல் வாரத்தில் மட்டும் இதற்குப் பத்துத் தடவை பதில் சொன்னேன். இது விருதுநகர் மாவட்டத்து ஆலங்குளம். 1970இல் இங்கே அரசு சிமெண்ட் ஆலை தொடங்கியதால் வெளியூர்க்காரர்களுக்கும் பெயர் தெரிந்தது. ஆனால் ஆலை வேலை எல்லோருக்கும் கிடைத்துவிடுமா? மழையை நம்பிய கரிசல் காட்டில் விளைச்சல் இல்லாத ஆண்டுகளில் சுற்று வட்டாரத்துக் குடும்பங்களுக்குச் சோறு போட்டவை தீப்பெட்டி ஆபீசும் பயர் ஆபீசும்தான். தொழிற்சாலையை ஆபீஸ் என்று சொல்வது எங்கள் பக்கத்து வழக்கம். என் அம்மா வீட்டில் உட்கார்ந்து வெடிக்குக் காகிதக் குழல் சுற்றுவார். அந்தக் காசும் சேர்ந்துதான் என்னைக் கல்லூரிக்கு அனுப்பியிருக்கிறது. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்.

2012 செப்டம்பர் 5இல் முதலிப்பட்டியில் நடந்த விபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். உதவிக்கு ஓடியவர்களும் அதில் இருந்தார்கள். அப்போது நான் இரண்டாம் வகுப்புச் சிறுமி. அதன் பிறகும் விபத்துகள் நிற்கவில்லை. 2017இல் நடந்த ஒன்றில் என் சித்தி, அம்மாவின் தங்கை, மாட்டிக்கொண்டார். மணி மருந்து காயவைத்திருந்த இடத்தில் உராய்வு ஏற்பட்டது என்று சொன்னார்கள். ஆபீசின் பெயர் இங்கே வேண்டாம். செய்தித்தாளில் நான்கு வரி வந்த சிறிய விபத்து அது. உயிர்ச்சேதம் இல்லை. சித்திக்கு 14 சதவீதம்: கழுத்தின் வலப்பக்கம், தோள், வலது கை முழுதும். "பதினாலுதானே, தப்பிச்சா" என்று ஊர் ஆறுதல் சொன்னது.

வெளியூர் மருத்துவமனை ஒன்றில் மூன்றாம் வாரம் தொடையிலிருந்து தோலைச் சீவி எடுத்துக் கழுத்திலும் கையிலும் வைத்தார்கள். ஐந்தாம் நாள் கட்டைப் பிரித்தபோது கழுத்தில் வைத்தது இளஞ்சிவப்பாக ஒட்டியிருந்தது. முழங்கை மடிப்பில் உள்ளங்கை அளவுக்குக் கறுத்துக் கிடந்தது. அந்த இடத்தை மட்டும் சுரண்டி எடுத்துவிட்டு, புண்ணை ஆற்றி, மீண்டும் ஒரு முறை தோல் வைத்தார்கள். பிறகு அங்கே தோல் சுருங்கி இறுகிப் போனதால் சித்தியின் வலது கை இன்றும் முழுதாக நீளாது. தலைக்குமேல் கையைத் தூக்கிக் கொடியில் துணி போட முடியாது.

ஒரே தொடையிலிருந்து, ஒரே நாளில், ஒரே கத்தியால் எடுத்த தோல். ஒரு பாதி ஏன் பிழைத்தது, மறுபாதி ஏன் செத்தது? இந்தக் கேள்விக்கு எங்கள் வீட்டில் ஆளுக்கொரு விடை வைத்திருந்தார்கள். கண்திருஷ்டி என்றார் ஆச்சி. ஆஸ்பத்திரியில் பக்கத்துப் படுக்கைக்காரி கொடுத்த கத்தரிக்காய்க் குழம்பைச் சாப்பிட்டதால் கிரந்தி ஏறிவிட்டது என்றார் பெரியம்மா. சித்தி மட்டும் வேறொன்று சொல்வார்: "தூக்கத்துல கைய ஆட்டிட்டேன். ஆட்டாதன்னு சொன்னாங்க. ஆட்டிட்டேன்."

சென்ற ஆண்டு திசுவியல் வகுப்பில் பேராசிரியர் கரும்பலகையில் தோலின் குறுக்குவெட்டுத் தோற்றத்தை வரைந்தார். மேல்தோல், உள்தோல் என்று அம்புக்குறியிட்டுவிட்டு, "மேல்தோலில் இரத்த நாளமே கிடையாது, எழுதிக்கொள்ளுங்கள்" என்றார். எல்லோரும் எழுதிக்கொண்டோம். பிறகு அது எப்படி உயிரோடு இருக்கிறது என்று கேட்டேன். (வகுப்பில் நான் வாய் திறந்து கேட்ட முதல் கேள்வி அது. தமிழ் வழியில் படித்து வந்தவர்களுக்கு முதல் ஆண்டில் கேள்வி கேட்பதே ஒரு சாகசம் என்பது என்னைப் போன்றவர்களுக்குத் தெரியும்.) கீழே உள்தோலில் ஓடும் தந்துகிகளிலிருந்து ஊறி வருவதைக் குடித்து அது வாழ்கிறது என்று விளக்கினார். மேல்தோல் மிக மெல்லியது. ஆகவே ஊறல் போதும்.

கண்மாய்ப் பாசனம் தெரிந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். மடையைத் திறந்தால் நீர் வாய்க்காலில் ஓடும். வாய்க்காலை ஒட்டிய மண்ணில் இரண்டு சாண் தூரத்துக்குக் கசிவு இருக்கும். அதற்கு அப்பால் பயிர் வாடும். அதனால்தான் பெரிய வாய்க்காலிலிருந்து சிறு வாய்க்கால், அதிலிருந்து பாத்தி என்று பிரித்துக்கொண்டே போகிறோம். நம் உடம்பிலும் அப்படித்தான். இதயம் கண்மாய் என்றால் தமனிகள் வாய்க்கால்கள், தந்துகிகள் பாத்தி ஓரத்துக் கடைசிக் கால்கள். பெரும்பாலான செல்கள் ஏதேனும் ஒரு தந்துகியிலிருந்து 100 முதல் 200 மைக்ரோமீட்டர் தூரத்துக்குள்தான் குடியிருக்கின்றன. அதாவது ஒன்றிரண்டு தலைமுடிகளின் பருமன். பிராணவாயு ஊறிச் செல்லும் எல்லை அவ்வளவுதான். அந்த எல்லைக்கு அப்பால் ஒரு செல்லை வைத்தால் அது மூச்சுத் திணறிச் சாகும். இந்தத் தலைமுடிக் கணக்கு ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டால் மீதிக் கதை முழுவதும் புரிந்துவிடும்.

தந்துகி என்று ஒன்று இருக்கிறது என்பதே நெடுங்காலம் யாருக்கும் தெரியாது. இரத்தம் உடலைச் சுற்றி வருகிறது என்று வில்லியம் ஹார்வி 1628இல் நூல் வெளியிட்டபோது, தமனியிலிருந்து சிரைக்கு இரத்தம் எந்த வழியாகப் போகிறது என்பதை அவரால் காட்ட முடியவில்லை. வழி இருந்தே தீரவேண்டும் என்று மட்டும் உறுதியாக நம்பினார். அதே 1628இல் பிறந்த மார்செல்லோ மால்பிஜி என்ற இத்தாலியர் 1661இல் தவளையின் நுரையீரலை நுண்நோக்கியில் வைத்துப் பார்த்து அந்த வழியைக் கண்டார். மிக நுண்ணிய தந்துகிகளில் ஒரு சிவப்பணு உடலை மடக்கிக்கொண்டுதான் நுழைந்து போகவேண்டும், அவ்வளவு குறுகல்.

இப்போது சித்தியின் கைக்கு வருவோம். தொடையிலிருந்து சீவி எடுத்த தோலின் கனம் அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. அதை எடுத்த கணத்தில் அதன் நாளங்கள் யாவும் அறுந்துவிட்டன. புண்ணின்மேல் பரப்பிய பின் முதல் இரண்டு நாள் அது பஞ்சு போல அடியிலிருந்து ஊறும் நீரைக் குடித்து உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கும். இரண்டாம் மூன்றாம் நாளில் புண்ணின் தரையிலிருந்து புறப்படும் நுண்ணிய நாளங்கள், தோலில் அறுந்து கிடக்கும் பழைய நாளங்களின் வாயோடு வாய் வைத்து இணைகின்றன. பிறகு புதிய நாளங்களும் முளைத்து உள்ளே செல்கின்றன. ஐந்தாம் ஆறாம் நாளில் இரத்தம் ஓடத் தொடங்கிவிடும், தோல் சிவக்கும். இந்த இணைப்பு நடக்கும்வரை தோலுக்கும் தரைக்கும் இடையே ஒரு மெல்லிய தாள் நுழையும் இடைவெளிகூட இருக்கலாகாது. இரத்தமோ நீரோ அடியில் கோத்துக்கொண்டால் நாளங்களால் அதைத் தாண்ட முடியாது. தோல் நகர்ந்தால், இணையத் தொடங்கிய நூல்கள் அறுந்துபோகும். அந்த மூன்று நாள் தாகத்தைத் தாண்டியது பிழைக்கும். தாண்டாதது கறுக்கும்.

நம் சொந்தத் தோலுக்கே இந்தக் கதி என்றால் அடுத்தவர் தோலை வைத்தால் என்ன ஆகும்? இரண்டாம் உலகப் போரின்போது வெந்துபோன வீரர்களுக்காக இந்தக் கேள்வியைக் கையிலெடுத்தவர் பீட்டர் மெடவார். கிளாஸ்கோ நகரில் தாமஸ் கிப்சன் என்ற அறுவை மருத்துவரோடு சேர்ந்து, தீக்காயம்பட்ட ஒரு பெண்ணுக்கு அவளுடைய அண்ணன் தம்பி உறவிலிருந்து எடுத்த தோல் துண்டுகளை வைத்துப் பார்த்தார். நாளங்கள் இணைந்தன, தோல் சில நாள் வாழ்ந்தது, பிறகு உடல் அதை அழித்தது. இரண்டாம் முறை வைத்தவை முன்னதைவிட விரைவில் அழிந்தன. 1943இல் இதை வெளியிட்டார்கள். சிறுநீரகம் முதல் இதயம் வரை உறுப்பு மாற்று மருத்துவத்தில் இன்று நாம் பேசும் 'நிராகரிப்பு' அறிவியலுக்கு அஸ்திவாரம் ஒரு தீக்காய வார்டில் போடப்பட்டது. மெடவாருக்கு 1960இல் நோபெல் பரிசு கிடைத்தது. இறந்தவர்களின் தோலைப் பெற்றுக் கிளிசராலில் பாதுகாக்கும் தோல் வங்கிகள் சென்னை, கோவை, மும்பை முதலிய நகரங்களில் இருக்கின்றன. அந்தத் தோலும் சில வாரம் புண்ணை மூடிக் காக்கும் தற்காலிகப் போர்வையே. நிரந்தரமானது சொந்தத் தோல்தான். எண்பது சதவீதம் வெந்தவருக்குச் சொந்தத் தோல் எங்கிருந்து கிடைக்கும்?

வளர்த்துக்கொள்ளலாம் என்றார்கள் அமெரிக்காவில் ஜேம்ஸ் ரைன்வால்டும் ஹோவர்டு கிரீனும். 1975இல் மனித மேல்தோல் செல்களைக் கண்ணாடித் தட்டில் பெருக்கும் முறையைக் கண்டறிந்தார்கள். தபால் தலை அளவு தோலிலிருந்து மூன்று நான்கு வாரங்களில் ஓர் ஆளைப் போர்த்தும் அளவுக்குப் படலம் வளர்க்கலாம். உடலில் 95 சதவீதத்துக்கும் மேல் வெந்துபோன இரண்டு சிறுவர்களுக்கு இத்தகைய படலங்களைப் போர்த்திக் காப்பாற்றியதை 1984இல் பாஸ்டன் மருத்துவர்கள் அறிவித்தார்கள். இதைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஆனால் கவனியுங்கள்: அவர்கள் வளர்த்தது மேல்தோல் மட்டும். இரத்த நாளம் தேவைப்படாத அந்த மெல்லிய படலம்! இயற்கை எதை நாளம் இல்லாமல் படைத்ததோ, அதை மட்டுமே மனிதனால் முதலில் வளர்க்க முடிந்தது. அடியில் உள்தோல் இல்லாததால் அந்தப் படலம் எளிதில் கொப்புளித்தது, உரிந்தது, சுருங்கியது.

உள்தோலுக்கு வலுவூட்டுவது கொலாஜன் என்ற புரதம். இங்கேதான் சென்னை வருகிறது. 1952இல் இங்கிலாந்து விஞ்ஞானி ஜே.டி.பெர்னால் சென்னைக்கு வந்தபோது, கொலாஜனின் அமைப்பு இன்னும் சரியாகத் தெரியவில்லை என்று பேச்சுவாக்கில் சொன்னார். அப்போது சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறையின் தலைவராயிருந்த ஜி.என்.ராமச்சந்திரனுக்கு வயது முப்பதுதான். அவர் அதைப் பிடித்துக்கொண்டார். தூய கொலாஜனுக்கு எங்கே போவது? 1948இல் தொடங்கிய மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் அருகே அடையாறில் இருந்தது. செருப்புக்கும் பெட்டிக்கும் தோல் பதனிடும் வழியை ஆராய ஏற்பட்ட நிறுவனம் அது. அங்கிருந்து கங்காருவின் வால் தசைநாண் கிடைத்தது. ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் அதை எக்ஸ் கதிர்கொண்டு ஆராய்ந்து, கொலாஜன் மூன்று புரிகள் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்ட கயிறு போன்றது என்று 1954இல் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். அதன் நினைவாக அந்த நிறுவனத்தின் அரங்கத்துக்கு 'டிரிபிள் ஹெலிக்ஸ்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். முப்புரிக் கயிற்றைப் பற்றி எங்கள் ஊர்க்காரர்களிடம் சொன்னால் ஒரு நொடியில் புரிந்துகொள்வார்கள். நூலையும் திரியையும் முறுக்கி வாழ்கிறவர்கள் அல்லவா! அதே அடையாறு நிறுவனத்தில் பின்னாளில் கொலாஜனிலிருந்து தீப்புண்ணுக்கு மேல் இடும் படலங்களும் உருவாயின.

1981இல் மாட்டுக் கொலாஜனோடு சுறாமீன் குருத்தெலும்பிலிருந்து எடுத்த ஒரு பொருளைச் சேர்த்து, மேலே சிலிக்கோன் தாள் ஒட்டி, செயற்கை உள்தோல் ஒன்றை அமெரிக்காவில் ஜான் பர்க்கும் இயோனிஸ் யானஸும் அறிவித்தார்கள். இதில் உயிர்ச் செல் எதுவும் இல்லை. வெறும் சாரம்தான்; கொத்தனார் கட்டும் சாரம் போல. புண்ணின்மேல் பரப்பி இரண்டு மூன்று வாரம் காத்திருந்தால், உடம்பே தன் செல்களையும் நாளங்களையும் அதற்குள் அனுப்பிப் புதிய உள்தோலைக் கட்டிக்கொள்கிறது. பிறகு சிலிக்கோனை உரித்துவிட்டு மெல்லிய மேல்தோலை வைக்கலாம். நம் நாட்டிலும் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தார் பன்றியின் பித்தப்பையிலிருந்து செல்களை நீக்கிச் செய்த ஒரு சவ்வுக்கு 2023இல் அனுமதி கிடைத்தது.

இவை எல்லாம் நல்லவையே. ஆனால் ஒவ்வொன்றிலும் நாளம் வந்து சேரும்வரை காத்திருக்க வேண்டியிருக்கிறது. வெந்த உடம்புக்குக் காத்திருக்கத் தெரியாது. தோல் இல்லாத இடத்தில் நீர் வடிந்துகொண்டே இருக்கும், கிருமி நுழைந்துகொண்டே இருக்கும். அதனால்தான் நாளத்தையும் சேர்த்தே வளர்த்து வைத்தால் என்ன என்ற எண்ணம் பிறந்தது. தோலே இப்படி என்றால் கல்லீரலையும் சிறுநீரகத்தையும் நினைத்துப் பாருங்கள். அவற்றின் கனம் தலைமுடிக் கணக்கில் அடங்குமா? "ஆய்வுக்கூடத்தில் மனித உறுப்பு தயார்" என்று ஆண்டுதோறும் பத்திரிகைகளில் தலைப்பு வருகிறது. அதைப் பார்க்கும்போது, உள்ளே இரத்தம் எந்த வழியாக ஓடும் என்று ஒருவராவது கேட்டிருக்கக் கூடாதா என்று எனக்குக் கோபம் வரும்.

நாளத்தின் உட்சுவர்ச் செல்களை எங்கிருந்து பெறுவது? 1973இல் எரிக் ஜாஃபி என்பவர் குழுவினர், பிரசவத்துக்குப் பின் வீசி எறியப்படும் தொப்புள்கொடியின் சிரையிலிருந்து அவற்றை எடுத்து வளர்த்துக் காட்டினார்கள். அவற்றை முளைக்கத் தூண்டுவது எது? இதற்கு விடை புற்றுநோய் ஆராய்ச்சியிலிருந்து கிடைத்தது. நாளம் கிடைக்காத புற்றுக்கட்டி கடுகளவுக்குமேல் வளராது. ஆகவே அது ஏதோ ஒரு பொருளைச் சுரந்து நாளங்களைத் தன்பக்கம் அழைக்கிறது என்று ஜூடா ஃபோக்மன் 1971இல் வாதாடினார். பலர் நம்பவில்லை. நாளங்களை முளைக்க வைக்கும் முக்கியமான புரதத்தை 1989இல் நெப்போலியோனே ஃபெராரா பிரித்தெடுத்தார். புற்றுநோயில் அந்த அழைப்பைத் தடுக்க மருந்து தேடினார்கள்; திசு வளர்ப்போர் அதே அழைப்பை விடுக்க வழி தேடுகிறார்கள்.

செல்லும் அழைப்பும் இருந்தால் போதாது. வாய்க்கால் வெட்ட வேண்டும். நான் மிகவும் ரசித்துப் படித்தது இந்தப் பகுதியைத்தான். 2012இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் ஜோர்டன் மில்லர் முதலானோர் சீனிப்பாகை இறுகவைத்து வலை போல அச்சிட்டு, அதன்மேல் செல்கள் கலந்த கூழை ஊற்றி, பிறகு சீனியைக் கரைத்து வெளியேற்றினார்கள். சீனி இருந்த இடம் வாய்க்கால் ஆயிற்று. அதற்குள் இரத்தத்தையும் ஓட்டிக் காட்டினார்கள். 2016இல் லியோன் பெல்லன் என்பவர் கடையில் விற்கும் பஞ்சு மிட்டாய் இயந்திரத்தையே வாங்கி, அதில் சீனிக்குப் பதில் ஒருவகைப் பாலிமரைச் சுழற்றி, தந்துகி அளவு நூல்களை இழுத்தார். பொங்கல் பொருட்காட்சியில் பஞ்சு மிட்டாய் வாங்கித் தின்ற நமக்கு இந்த யோசனை வரவில்லையே! 2017இல் வேறொரு குழுவினர் ஸ்பினாச் என்ற கீரையின் இலையிலிருந்து செல்களை எல்லாம் கழுவிவிட்டு, எஞ்சிய நரம்பு வலையில் மனித இதயச் செல்களை ஒட்டி வளர்த்தார்கள். அரச இலையைத் தண்ணீரில் ஊறப்போட்டுச் சதை கழன்ற பின் வலையை மட்டும் எடுத்துப் புத்தகத்துக்குள் வைத்த அனுபவம் நம்மில் எத்தனை பேருக்கு இல்லை?

தோலுக்கே வருவோம். 2019இல் பங்கஜ் கரண்டே என்ற இந்தியர் நியூயார்க் மாநிலத்தில் ஒரு குழுவை நடத்தி, நாளத்தின் உட்சுவர்ச் செல்களையும் மேல்தோல், உள்தோல் செல்களையும் சேர்த்துத் தோலை அச்சிட்டார். அதை எலியின் உடலில் வைத்தபோது, அச்சிட்ட தோலின் நாளங்கள் எலியின் நாளங்களோடு இணையத் தொடங்கின. மூன்று நாள் தாகத்தைத் தணிப்பதற்கு இதுதான் வழி என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் அது எலி. மனிதக் கைக்கு வர இன்னும் எவ்வளவோ தூரம் இருக்கிறது. தூரம் எவ்வளவு என்பதற்கு ஒரு கணக்கு சொல்கிறேன். விலங்குச் செல்களைக்கொண்டு தமனி ஒன்றை வளர்த்துக் காட்டியதை லாரா நிக்லசன் 1999இல் வெளியிட்டார். மனிதச் செல்களால் வளர்த்து, பிறகு செல்களை நீக்கி, அலமாரியில் எடுத்து வைக்கக்கூடிய குழாயாக அது அமெரிக்க அரசின் அனுமதி பெற்றது 2024 டிசம்பரில். கை கால் தமனி சிதைந்தவர்களுக்கு, சொந்தச் சிரையை எடுத்து வைக்க இயலாதபோது அதைப் பயன்படுத்தலாம். 25 ஆண்டுகள்! அதுவும் 6 மில்லிமீட்டர் அகலமான பெருங்குழாய். வாய்க்கால் வந்துவிட்டது; பாத்தி ஓரத்துக் கடைசிக் கால்களை இன்னும் வெட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

சென்ற தீபாவளி விடுமுறையில் இவற்றையெல்லாம் சித்தியிடம் சொன்னேன். சித்தி இடது கையால் லேபிள் ஒட்டிக்கொண்டே கேட்டார். மூன்று நாள் தாகம், வாயோடு வாய் இணையும் நூல், இடையில் நீர் கோத்தால் தாண்ட முடியாது, எல்லாம் சொன்னேன். "அப்ப கத்தரிக்காயால இல்லையா தாயி?" என்றார். இல்லை என்றேன். "எட்டு வருசமா நான் கத்தரிக்காயத் தொடலையே!" என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "நான் கைய ஆட்டுனதாலயா?" என்று கேட்டார்.

அதற்கு என்ன விடை சொல்வது? இல்லவே இல்லை என்று சொல்லியிருந்தால் அவர் மனம் ஆறியிருக்கும். ஆனால் தோல் நகர்ந்தால் நூல் அறும் என்பது நான் படித்தது. அதைச் சற்று முன் நானே சொல்லியிருந்தேன். "அடியில் நீர் கோத்திருக்கலாம், பெரும்பாலும் அதுதான் காரணமாக இருக்கும் என்று புத்தகத்தில் இருக்கிறது. அசைந்ததாலும் இருக்கலாம். முழங்கை மடங்குகிற இடம், அங்கே ஒட்டவைப்பது எல்லோருக்குமே சிரமம். தூங்குகிற ஆள் அசையாமல் இருக்க முடியாது, சித்தி. எதனால் என்று இனி யாராலும் சொல்ல முடியாது" என்றேன். சித்தி கொஞ்ச நேரம் பேசவில்லை. கையை விளக்கு வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "ஒட்டுன பக்கத்துல இப்பவும் அந்த நூலு ஓடிக்கிட்டுத்தான இருக்கும்?" என்று கழுத்தைத் தடவிக்கொண்டே கேட்டார். ஓடுகிறது என்றேன். அன்று இரவு கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு வைக்கச் சொன்னார். பெரியம்மாவுக்கு என்மேல் இன்னும் வருத்தம்தான்.

இனி இந்தப் பருவத்தில் எங்களுக்குக் கருவளர்ச்சி செய்முறை இருக்கிறது. அடைகாத்த கோழிமுட்டையின் ஓட்டில் சிறிய சன்னல் வெட்டி, மூன்றாம் நாள் கருவைப் பார்க்க வேண்டும். மஞ்சள் கருவின்மேல் இரத்த நாளங்கள் சிவப்பு வேர்களைப் போல் விரிந்திருக்கும். நடுவில் இதயம் துடிக்கும். யாரும் அச்சிடாமல், யாரும் சீனிப்பாகு ஊற்றாமல், மூன்றே நாளில் அது நடந்துவிடுகிறது. நாளங்களை முளைக்க வைக்கும் பொருள்களைச் சோதிக்க உலக ஆய்வுக்கூடங்களில் பயன்படுத்துவதும் கோழிக்கருவின் சவ்வைத்தான். கடையில் விற்கும் பண்ணை முட்டை இதற்கு உதவாது. சேவல் சேராத முட்டையில் கரு இருக்காது. நாட்டுக்கோழி முட்டை வேண்டும்.

அம்மாவிடம் கேட்டேன். அடைக்கு வைத்த முட்டை ஒவ்வொன்றையும் டார்ச் வெளிச்சத்தில் பிடித்துச் சிவப்பு நூல் தெரிகிறதா என்று பார்த்து, கூமுட்டையைக் கழித்துவிடுகிற கைகாரி அவர். ஒரு குஞ்சு வளர்ந்தால் என்ன விலைக்குப் போகும் என்று எனக்குக் கணக்குச் சொல்லிக் காட்டினார். கடைசியில் இரண்டு முட்டை தருவதாக ஒப்புக்கொண்டார். சூடு ஆறாமலும் குலுங்காமலும் அவற்றைப் பேருந்தில் எப்படிக் கொண்டுவருவது என்பதுதான் இப்போதைய கவலை. தூக்குச்சட்டியில் உமி நிரப்பி, வெந்நீர்ப் புட்டியைப் பக்கத்தில் வைத்துத் துணி சுற்றித் தருவதாகச் சித்தி சொல்லியிருக்கிறார். அந்தச் சிவப்பு நூலைப் போனில் படம் பிடித்து வரச் சொல்லியிருக்கிறார்.